துவக்கு வாங்கப் போறீங்களா? மலையகத்துல இருக்குறவங்க லைசன்ஸ் கேக்க முன்னாடி யோசிக்க வேண்டியது

காட்டுப்பன்னி ஒரே ராத்திரில கிழங்குப் பாத்திய பொரட்டிட்டு போன அடுத்த நாள் காலையிலதான் நம்மாளுங்களுக்கு துவக்கு நெனப்பு வரும், இல்லாட்டி பக்கத்து லயத்துல, அதாவது தோட்ட வரிசை வீட்டுல, காஸ் சிலிண்டர் களவு போன பெறகு வரும், அதுவும் இல்லன்னா அமெரிக்காவுல ஒருத்தன் இடுப்புல பிஸ்டல சொருகிக்கிட்டு சாமான் வாங்கப் போற வீடியோவ குடும்ப குரூப்ல யாராவது போட்ட பெறகு வரும். கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க, பாதுகாப்புக்குன்னு. ஆனா பன்னி, கள்ளன், ஆட்சியில இருக்குறவன் இந்த மூணும் மூணு வேற பயம், மூணுக்கும் மருந்து ஒன்னு இல்ல. அதனால மாவட்டச் செயலகத்துக்கு பஸ் ஏற முன்னாடி மொதல் வேலையா ஒரு துண்டுல எழுதுங்க, நான் யாருக்கு பயந்து இத கேக்குறேன்னு. ஒரு வரிக்கு மேல வேணாம். அந்த ஒரு வரிய எழுத முடியலன்னா துவக்கு உங்களுக்கு தேவப்படல, ஆசப்படுறீங்க, ஆசைக்கு லைசன்ஸ் குடுக்க மாட்டாங்க.

உரிமையா அனுமதியா

இத மொதல்ல தெளிவா வச்சிக்கிட்டாதான் மத்தவங்களோட கதைக்கவே முடியும். இலங்கையில துவக்கு வச்சிருக்குறது உரிமை கிடையாது, அரசாங்கம் குடுக்குற அனுமதி, அவ்வளவுதான். 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டம்னு வெள்ளக்காரன் காலத்துல போட்டது, பெறகு பல தடவ திருத்தி, 1996ல தண்டனைய இன்னும் கடுமையாக்கி, இன்னக்கி வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. 1978 அரசியலமைப்புல அடிப்படை உரிமைகள்னு ஒரு அத்தியாயமே இருக்கு, பேச்சுச் சுதந்திரம், தொழிற்சங்கம் சேருறது, சமமா நடத்தப்படுறது எல்லாம் அதுல வரும், துவக்கு வராது. அமெரிக்காவுல கதை வேற, அங்க 1791ல கொண்டுவந்த ரெண்டாவது திருத்தத்துலயே ஆயுதம் வச்சிருக்குற உரிமைய எழுதி வச்சிருக்காங்க, 2008ல அவங்க உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்குல, வீட்டுல தற்காப்புக்கு கைத்துப்பாக்கி வச்சிக்கிறது தனிமனுசனோட உரிமைதான்னு தீர்ப்பும் குடுத்துச்சு. அதனால டெக்சாஸ்ல இருக்குற மச்சான் "என் உரிமை"ன்னு சொல்றப்ப அவரு பொய் சொல்லல, அவரு நாட்டுச் சட்டத்த சொல்றாரு. நம்ம ஊர் பொலிஸ்ல போய் அதே வார்த்தைய சொன்னா ஓஐசி, அதாவது பொறுப்பதிகாரி, சிரிப்பாரு.

அதுக்காக அவங்க சொல்றது எல்லாமே பைத்தியக்காரத்தனம்னு தூக்கிப் போடவும் கூடாது. அவங்க பக்கத்துல பலமான வாதம் ஒன்னு இருக்கு, பொலிஸ் வந்து சேர நேரமாகும், அது வரைக்கும் என் புள்ளகுட்டிய யாரு பாக்குறதுன்னு. நம்ம தோட்ட டிவிசன்கள்ல இருக்குறவங்களுக்கு இது நல்லாவே விளங்கும், மழைக்கு ரோட்டு இடிஞ்சி கெடக்குற ராத்திரில 119க்கு அடிச்சா ஜீப் எப்ப வரும்னு யாருக்கும் சொல்ல ஏலாது. மறுபக்கத்துல இருக்குறவங்க ஆஸ்திரேலியாவ காட்டுவாங்க, 1996ல போர்ட் ஆர்தர்ல ஒருத்தன் 35 பேர சுட்டுக் கொன்ன பெறகு அந்த நாடு சட்டத்த இறுக்கி ஆறு லட்சத்துக்கும் மேல துவக்குகள காசு குடுத்து திருப்பி வாங்கிச்சு. நியூசிலாந்துலயும் 2019 மார்ச்ல கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்கள்ல 51 பேர் செத்த பெறகு, அடுத்த மாசமே இராணுவ வகைத் துவக்குகள தடை பண்ணிட்டாங்க. ரெண்டு பக்கமும் கேட்டுக்கோங்க, ஆனா முடிவு எடுக்குறப்ப டெக்சாஸ் பண்ணை வீட்ட வச்சி எடுக்காதீங்க, சிட்னி பிளாட்ட வச்சியும் எடுக்காதீங்க, உங்க லயக்காம்பராவ வச்சி எடுங்க.

பேப்பர் வேல

பயிர்ப் பாதுகாப்புக்குன்னு கேக்குறவங்களுக்கு பாதை இப்பிடித்தான் போகும். கிராம சேவகர்ட்ட ஆரம்பிச்சி, பிரதேச செயலகம், ஏரியா பொலிஸோட அறிக்கை, பெறகு மாவட்டச் செயலகம், அதாவது நம்ம பாஷையில கச்சேரி. புதுசா குடுக்குறதுக்கு பாதுகாப்பு அமைச்சோட சம்மதமும் வேணும். உங்க மேல வழக்கு எதுவும் இருக்கா, குடிச்சிட்டு சண்டை போட்ட முறைப்பாடு இருக்கா, அயல்ல யாரோடயாவது காணித் தகராறு ஓடுதான்னு பொலிஸ் பாக்கும், பாக்கவும் வேணும். போற எடத்துல எல்லாம் என்ன என்ன பேப்பர்னு கேட்டு எழுதிக்கிட்டு வந்து ஒரே பைல்ல போட்டு வச்சிக்கோங்க, போட்டோக் கொப்பி ரெண்டு செட் எடுங்க, ஒரு மேசையில குடுத்தது அடுத்த மேசைக்கு போகாம தொலையுறது சாதாரணம்.

இப்ப நம்ம பிரச்சினை எங்க மாட்டும்னா காணியில மாட்டும். பயிர்ப் பாதுகாப்புன்னா பயிர் எந்தக் காணியிலன்னு கேப்பாங்க, காணி உறுதியோ பேர்மிட்டோ குத்தகைப் பத்திரமோ கேப்பாங்க. வெலிமடை, கந்தப்பளை பக்கம் சொந்தக் காணியில லீக்ஸும் கரட்டும் போடுறவங்களுக்கு அது பரவால்ல. தோட்டத்துல வேல செய்யுற குடும்பம் லயத்துக்கு பின்னாடி நாலு பாத்தி போட்டிருக்கும், நிலம் அரசாங்கத்தோடது, 1992ல இருந்து கம்பனி கையில, பாத்தி போட்டவங்க பேர்ல ஒரு துண்டு கடதாசி கெடையாது. தலைமுறை தலைமுறையா அந்த மண்ணுல கெடந்து மாஞ்சவனுக்கு பன்னிய வெரட்ட லைசன்ஸ் கேக்குறதுக்குக்கூட மொதல்ல உறுதி வேணும். துவக்கு உரிமை பத்தி கதைக்குறவங்க எல்லாம் இந்த எடத்துல கொஞ்சம் நின்னு பாக்கணும்னு எனக்கு தோணும், ஏன்னா காணி உரிமைதான் நமக்கு முன்னால நிக்குது, துவக்கு அதுக்கு எவ்வளவோ பின்னால. தோட்டக் காணியில பயிர் வச்சிருக்குறவங்க தனியா ஓடித் திரியாம சங்கத் தலைவரையும் கூட்டிக்கிட்டு மனேஜர்ட்ட போய், சேதத்த போட்டோவோட குடுத்து, தோட்டத்து பேர்ல காவலுக்கோ வேலிக்கோ ஏற்பாடு கேக்குறதுதான் நடக்குற காரியம்.

சொந்தப் பாதுகாப்புக்குன்னு பிஸ்டல், ரிவால்வர் கேக்குறது வேற வழி, அது நேரடியா பாதுகாப்பு அமைச்சு விசயம், உயிருக்கு அச்சுறுத்தல் இருக்குன்னு காட்ட வேணும், சும்மா கடை வச்சிருக்கேன் காசு பொழங்குதுன்னு சொன்னா போதாது. கெடச்சாலும் நெலையா இருக்கும்னு நெனக்காதீங்க. 2024 கடைசியில அமைச்சு, தற்காப்புக்காக குடுத்த துவக்குகள எல்லாம் மீளாய்வு பண்ணணும்னு தற்காலிகமா திருப்பி ஒப்படைக்கச் சொன்னிச்சு. குடுத்தவன் கேட்டா திருப்பி குடுக்க வேண்டியதுதான், அனுமதின்னா அதுதான் அர்த்தம்.

இன்னொன்னு, லைசன்ஸ் ஒவ்வொரு வருசமும் டிசம்பர் 31ஓட முடியும். ஒக்டோபர்லயே புதுப்பிக்க போயிடுங்க. டிசம்பர் கடைசி கிழமையில போய் வரிசையில நிக்குறவங்க எல்லாம் ஒவ்வொரு வருசமும் அதே ஆளுங்கதான். புதுப்பிக்காத துவக்கு வீட்டுல இருந்தா அது லைசன்ஸ் இல்லாத துவக்குதான், பொட்டியில பூட்டி வச்சிருந்தேன்னு சொல்லித் தப்ப ஏலாது.

வைக்குறது எங்க

இதுலதான் எனக்கு ரொம்ப சந்தேகம். லயக்காம்பரால அடுத்த வீட்டுக்காரன் இருமுனா நமக்கு கேக்கும். கூரை ஒரே தகரம், நடுச்சுவருக்கு மேல பலகை, பின்னால இன்னொரு வரிசை வீடு முதுகோட முதுகா ஒட்டிக்கிட்டு நிக்குது. இருட்டுல ஒரு 12 போர் துவக்க இங்க வெடிச்சா அது கள்ளனோட நிக்காது, அந்தப் பக்கம் தொட்டில்ல கெடக்குற புள்ளயத்தான் மொதல்ல தேடும். தனி வீடு, சுத்தி காணி, அயல்ல ஆள் இல்லன்னா கணக்கு வேற, அத ஒத்துக்கிறேன்.

வாங்கித்தான் ஆகணும்னா, இரும்புப் பொட்டி ஒன்னு சுவத்தோட போல்ட் அடிச்சி வைங்க, தோட்டாவ அதே பொட்டியில வைக்காதீங்க, வேற பூட்டு வேற எடம். சாவி ஒரே ஒருத்தர்ட்ட. வீட்டுல யாராவது குடிக்கிறவங்க இருந்தா, அடிதடி இருந்தா, மனசு சரியில்லாம யாராவது இருந்தா, இந்த வழிகாட்டிய இங்கயே மூடிட்டு துவக்கு நெனப்ப விட்டுருங்க, சும்மா சொல்லல. அமெரிக்காவுல துவக்கால சாகுறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை, அடுத்தவன் சுட்டு இல்ல. நம்ம நாட்டு அனுபவமும் அதே பாடத்ததான் வேற சாமான்ல காட்டுச்சு. ஒரு காலத்துல உலகத்துலயே தற்கொலை கூடின நாடுகள்ல நம்ம நாடும் ஒன்னு, கடும் விசமான பூச்சி மருந்துகள 1995ல இருந்து ஒவ்வொன்னா தடை பண்ண பண்ண அந்த எண்ணிக்கை எறங்கிச்சு. மனுசனோட கவலை எறங்கல, கைக்கு எட்டுற தூரத்துல இருந்தது எறங்கிச்சு. கோவமும் அழுகையும் கொஞ்ச நேரத்துல அடங்கிரும், அந்தக் கொஞ்ச நேரத்துல கை எதத் தொடுதுங்குறதுதான் விசயம். வீட்டுல அப்பிடி யாராவது தவிச்சிக்கிட்டு இருந்தா 1926க்கு அடிச்சி கதைங்க, தேசிய மனநல உதவி இலக்கம். புருசன் அடிக்கிறான்னா 1938 பெண்களுக்கான இலக்கம். பொம்பளைங்கள கேக்காம ஆம்பளைங்க மட்டும் ஒக்காந்து துவக்கு வாங்க முடிவு எடுக்குற வீடு இருக்கு, அங்க மொதல்ல அந்த அக்காட்ட தனியா கேளுங்க, உங்களுக்கு இது வீட்டுல இருந்தா தைரியமா பயமான்னு. பதில் சில நேரம் தூக்கிவாரிப் போடும்.

கள்ளன் வந்தா சட்டம் என்ன சொல்லுது

தற்காப்பு உரிமை நம்ம சட்டத்துல இல்லன்னு நெறைய பேர் நெனக்கிறாங்க, அது பிழை. 1883 தண்டனைச் சட்டக் கோவையில 89ல இருந்து 99 வரைக்கும் பிரிவுகள் அதுக்குத்தான். உங்க ஒடம்ப, மத்தவங்க ஒடம்ப, உங்க சொத்த காப்பாத்த பலத்த பாவிக்கலாம், அதுக்கு துவக்கு லைசன்ஸ் தேவல்ல, கையில கெடச்ச மம்பட்டிப் புடியும் போதும். ஆனா கடிவாளம் ரெண்டு இருக்கு, 92ஆம் பிரிவுல. ஒன்னு, பொலிஸ கூப்புட நேரம் இருந்துச்சுன்னா இந்த உரிமை இல்ல. ரெண்டு, காப்பாத்த எவ்வளவு தேவையோ அதுக்கு மேல ஒரு அடியும் கூடாது.

உயிர் போற அளவுக்கு போகலாம்னு சட்டம் சொல்ற சந்தர்ப்பங்களும் எண்ணி வச்ச மாதிரிதான், கொல்ல வாறான் இல்லாட்டி படுகாயப்படுத்த வாறான்னு நியாயமான பயம், பாலியல் பலாத்காரம், ஆள் கடத்துறது, கொள்ளை, ராத்திரில வீட்ட ஒடச்சி உள்ள வாறது, குடியிருக்குற வீட்டுக்கு நெருப்பு வைக்கிறது, இப்பிடி. கோழி திருடிக்கிட்டு ஓடுறவன் முதுகுல சுட்டா அது தற்காப்பு இல்ல, கொலை வழக்கு. ஓடுறவன ஓட விடுங்க, மூஞ்சிய சட்டைய வாகன நம்பர பாத்து வச்சிக்கோங்க. உள்ள வந்துட்டான்னா சத்தம், லைட், புள்ளகுட்டிய ஒரே அறையில சேக்குறது, 119, இதுதான் ஒழுங்கு. லயத்துல ஒரு பெரிய வசதி இருக்கு, நம்ம அதக் கணக்குல எடுக்குறதே இல்ல, ஒரு சத்தம் போட்டா பன்னெண்டு வீடு எழும்பும். தனித் தனி பங்களாவுல இருக்குறவனுக்கு அது கெடையாது, அதான் அவன் துவக்கு தேடுறான்.

அடிபட்டவன் கள்ளனா இருந்தாலும் 1990க்கு அடிச்சி அம்புலன்ஸ் கூப்புடுங்க. கட்டி வச்சி ஊரே சேந்து அடிச்சி அவன் செத்துட்டான்னா எல்லார் பேரும் வழக்குல வரும்.

பன்னிக்கு

லைசன்ஸ் எடுக்குறது கஷ்டம்னு நம்மாளுங்க போற குறுக்கு வழிதான் துவக்க விட மோசம். கம்பியில கால் பட்டா தானா வெடிக்குற கட்டுத் துவக்கு, சுருக்குக் கம்பி, வீட்டுக் கரண்ட நேரடியா இழுத்து விடுற கம்பி, தீனிக்குள்ள வைக்குற, கடிச்சா வெடிக்குற ஹக்கபட்டாஸ். இதுல எதுக்கும் கண்ணு கெடையாது. பன்னியா, வெறகு பொறுக்க வந்த அம்மாவா, வெள்ளன பால் எடுக்கப் போற அண்ணனான்னு அதுக்கு தெரியாது. கரண்டு கம்பியில போட்டவரே அடுத்த நாள் காலையில மாட்டிச் செத்த கதை ஊருக்கு ஊரு இருக்கு. 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் மரக்கறித் தோட்டத்துக்கு கிட்ட போட்ட கம்பியில கருஞ்சிறுத்தை ஒன்னு மாட்டிச்சு, வனசீவி ஆளுங்க புடிச்சி உடவலவைக்கு கொண்டு போயும் பொழைக்கல, அப்பிடி ஒன்ன இனி எப்ப பாப்போமோ. பன்னிக்குட்டிய புடிச்சித் தின்னுறதே சிறுத்தைதான், அத கொன்னுட்டு பன்னி கூடிப் போச்சுன்னு அழுறோம்.

அதுக்கு பதிலா என்ன செய்யலாம்னா, ஒரு ஆள் பாத்திக்கு வேலி போட்டா பன்னி பக்கத்து பாத்திக்கு போகும், அதனால அஞ்சாறு பேர் சேந்து ஒரே வளைவா போடணும், கம்பி வலைய மண்ணுக்குள்ள ஒரு அடி எறக்கிப் போடணும், மேல எவ்வளவு ஒசரம்னாலும் பன்னி கீழ தோண்டித்தான் வரும். மின்வேலி போடுறதுன்னா அதுக்குன்னு விக்குற எனர்ஜைசர் வச்சி சூரிய சக்தியில போடுங்க, அது ஒதறி வெரட்டும், கொல்லாது. அறுவடை கிட்ட வாற நாள்கள்ல முறை போட்டு காவல், டோர்ச்சும் தகர டின்னும். நாய் காவலுக்கு நல்லதுதான், ஆனா சிறுத்தை நடமாடுற தோட்டத்துல ராத்திரி வெளியில கட்டிப் போட்டா நாய் போயிரும், அதத் தேடி சிறுத்தை லயத்துக்கே பழகிரும். கொரங்குக்கு இதெல்லாம் சரிவராது, அது வேலி மேல ஒக்காந்து நம்மள பாத்து யோசிக்கும். 2025 மார்ச் 15ல நாடு முழுக்க காலையில அஞ்சு நிமிசம் கொரங்கு, மயில், மரஅணில எல்லாம் எண்ணச் சொன்னாங்களே, எண்ணினோம், கொரங்கும் நம்மள எண்ணிருக்கும். சிறுத்தையோ வேற பாதுகாக்கப்பட்ட மிருகமோ மாட்டிக் கெடந்தா நீங்க அவிழ்க்கப் போகாதீங்க, வனசீவி 1992.

வீட்டுல வாக்குவாதம் வந்தா

மூணாவது பயத்துக்கு வாறேன், ஆட்சிக்கும் கலவரத்துக்கும் பயப்படுறது. இத லேசா எடுக்காதீங்க. தாத்தா ஒருத்தர் "83ல நம்ம கையில நாலு துவக்கு இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சா அவர அடக்காதீங்க, 77, 81, 83ன்னு இனக்கலவரங்கள்ல லயம் எரிஞ்சத பாத்தவரு, 2000ல பிந்துனுவெவவுல தடுப்பு முகாமுக்குள்ளயே நம்ம புள்ளைங்கள வெட்டிக் கொன்னத கேட்டவரு. மலையகத்துல துவக்கு எப்பவும் எதிர்ப்பக்கத்துலதான் இருந்துச்சு, 1940 ஜனவரியில முல்லோயா தோட்டத்துல பொலிஸ் சுட்டுத்தான் தொழிலாளி கோவிந்தன் செத்தாரு, 1977 மே மாசம் டெவன் தோட்டத்துல காணி பறிபோறத எதுத்து நின்ன சிவனு லெட்சுமணன் செத்ததும் பொலிஸ் சூட்டுலதான். அவரு பேச்சுல இருக்குற காயம் நெசம்.

அவரு பேசி முடிச்ச பெறகு மெதுவா ரெண்டு கேள்வி கேளுங்க. நாலு துவக்குல ஒரு லயத்த ஒரு ராத்திரி காப்பாத்திருக்கலாம், அடுத்த நாள் லொறியில வாறவங்கள யாரு தடுத்திருப்பா? அடுத்தது, வீட்டுல துவக்கு இருக்குன்னு தெரிஞ்சா அதத் தேடி வாறவன் யாரு? 1971லயும் 87ல இருந்து 89 வரைக்கும் நடந்த கிளர்ச்சிலயும் ஜேவிபிக்காரங்க (மக்கள் விடுதலை முன்னணி) கிராமங்கள்ல லைசன்ஸ் துவக்கு இருந்த வீடுகளாப் பாத்து ராத்திரியில வந்து கதவத் தட்டி வாங்கிக்கிட்டு போனாங்க, குடுத்தா பொலிஸ் கேக்கும், குடுக்கலன்னா அவங்க விட மாட்டாங்க. துவக்கு வச்சிருந்ததாலயே ரெண்டு பக்கமும் அடி வாங்கின குடும்பங்கள் பக்கத்து சிங்கள ஊர்கள்ல இருக்கு, தெரிஞ்சவங்க இருந்தா கேட்டுப் பாருங்க, பிடிவாதமா துவக்கு வேணும்னு நிக்குற எந்தத் தம்பிக்கும் அந்தக் கதை நம்ம வாதத்த விட நல்லா ஏறும். என் அபிப்பிராயம் கேட்டா, மொதல் ரெண்டு பயத்துக்கு சில வீடுகள்ல துவக்கு நியாயம், மூணாவதுக்கு எந்த வீட்டுலயும் இல்ல. தாத்தா ஒத்துக்க மாட்டாரு. பரவால்ல.

பழைய துவக்கு கெடச்சா

கடைசியா இது, ஏன்னா நெறைய பேர் இதுலதான் மாட்டுறாங்க. அப்பாவோ தாத்தாவோ செத்த பெறகு பரண்ல சாக்கு சுத்தின துவக்கு ஒன்னு கெடக்கும். லைசன்ஸ் செத்தவர் பேர்ல, உங்க பேர்ல இல்ல, அவரு மகன்ங்குறதால அது உங்களுக்கு வந்து சேராது. தொடைக்காதீங்க, வேல செய்யுதான்னு வெடிச்சி பாக்காதீங்க, பஸ்ல தூக்கிக்கிட்டு போகவே போகாதீங்க. இருக்குற எடத்துலயே விட்டுட்டு கிராம சேவகருக்கும் பொலிஸுக்கும் தகவல் சொல்லுங்க, மரணச் சான்றிதழையும் பழைய லைசன்ஸ் புத்தகத்தையும் எடுத்து வைங்க, அவங்க வந்து எடுக்கட்டும், இல்லாட்டி எப்பிடி கொண்டு வரச் சொல்றாங்களோ அப்பிடி. ஒப்படைச்சா கையெழுத்தும் முத்திரையும் போட்ட ரசீது இல்லாம திரும்பாதீங்க. லைசன்ஸே இல்லாத, உள்ளூர்ல செஞ்ச கல்கட்டஸ் துவக்கு மாதிரி ஏதாவதுன்னா மொதல்ல ஒரு சட்டத்தரணிய பாருங்க, அப்பப்ப அரசாங்கம் பொதுமன்னிப்பு காலம்னு அறிவிக்கும், அந்த நேரத்துல குடுத்தா வழக்கு இல்ல. ஆத்துல வீசுறேன்னு மட்டும் கெளம்பாதீங்க, தண்ணி வத்துற காலத்துல அது எந்தப் புள்ள கையில கெடைக்கும்னு தெரியாது.